வரி அடையாள எண் சரிபார்ப்பில் 'பொருந்தவில்லை' என்று வருகிறது: ஏ/எல், ஏ/பி பெயர்களை எப்படி எழுத வேண்டும்?

கணக்கு மேசை, ஜார்ஜ்டவுன்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருள்களையும் பித்தளைப் பாத்திரங்களையும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டுவதால், 2026 ஜனவரி 1 முதல் நாங்களும் இ-இன்வாய்ஸ் என்ற மின்னணு விலைப்பட்டியல் முறைக்குள் வந்துவிட்டோம். வாடிக்கையாளர் பட்டியல் பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு ஓர் எக்செல் கோப்பில் கிடக்கிறது. அதை அப்படியே மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொருவருடைய வரி அடையாள எண்ணையும் சரிபார்க்கக் கொடுத்தால், பாதிக்குப் பாதி 'பொருந்தவில்லை' என்று திரும்பி வருகிறது.

என் ஐயமெல்லாம் பெயர்களைப் பற்றியது. நம்மவர் பெயர் மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும், கடைப் பலகையில் இன்னொரு மாதிரியும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் கோப்பிலேயே ஒரே ஆள் 'முருகன் ஏ/எல் பெருமாள்' (பெருமாளின் மகன் முருகன்) என்று ஓரிடத்திலும், சாய்கோடு இல்லாமல் 'முருகன் ஏஎல் பெருமாள்' என்று மற்றோரிடத்திலும், 'பெ. முருகன்' என்று மூன்றாவது இடத்திலும் இருக்கிறார். பெண்களின் பெயர் சிலவற்றில் 'மகள்' என்பதற்கான ஏ/பி இருக்கிறது. சிலவற்றில் திருமணத்திற்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சாய்கோடு போட்டும் எடுத்தும், பெரிய எழுத்தில் மாற்றியும், முன்னெழுத்தை விரித்தெழுதியும் பார்த்துவிட்டேன். விடையில் மாற்றமே இல்லை. பெயரை எந்த வடிவில் எழுதினால் சரிபார்ப்பு ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பிறை நிரலர்

வணக்கம் சகோதரி. கணக்கு மென்பொருள்களை இ-இன்வாய்ஸுக்கான மைஇன்வாய்ஸ் தளத்தோடு இணைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் பெயரை எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் விடை மாறாததற்குக் காரணம், அந்தச் சரிபார்ப்பில் பெயர் என்ற கட்டமே கிடையாது. உங்கள் மென்பொருள் வருமான வரி வாரியத்தின் தளத்திற்கு அனுப்புபவை வரி அடையாள எண், அடையாள வகை, அடையாள எண் ஆகிய மூன்று விவரங்கள் மட்டுமே. வகை என்பது மைகார்டு, கடப்பிதழ், இராணுவ அடையாள அட்டை, வணிகப் பதிவு எண் ஆகிய நான்கில் ஒன்று. வங்கிப் பெட்டகத்தை இரண்டு சாவிகளையும் சேர்த்துப் போட்டால்தான் திறக்க முடியும் என்பதுபோல, வரி எண்ணும் அடையாள எண்ணும் வாரியத்தின் பதிவேட்டில் ஒரே ஆளின் பேரில் இருந்தால் மட்டுமே 'சரி' என்ற விடை வரும். பொருந்தாவிட்டால் 404 என்ற குறியீடுதான் வரும். அப்படி ஒரு வரி எண்ணே இல்லை என்றாலும் அதே 404; எண் இருந்து அது வேறொருவருடைய அடையாள அட்டையோடு சேர்ந்தது என்றாலும் அதே 404. இரண்டில் எது என்று தளம் சொல்லாது. சொன்னால், யாருடைய வரி எண் எது என்பதை எவரும் துழாவிக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதனால் காரணத்தை நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே பெயரை இப்போதைக்கு விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். தனிநபர் எண்களில் நான் அடிக்கடி காண்பது பழைய முன்னெழுத்துதான். முன்பெல்லாம் சம்பளக்காரர்களுக்கு எஸ்ஜி, சொந்த வணிகம் செய்பவர்களுக்கு ஓஜி என்று இருந்தவை 2023 ஜனவரி 1 முதல் ஐஜி என்ற ஒரே முன்னெழுத்தாகிவிட்டன. உங்கள் கோப்பு அதற்கு முந்தையது என்றால் அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது முதல் எழுத்தை உற்றுப் பாருங்கள். 'ஐ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சிற்றெழுத்து 'எல்' அல்லது ஒன்று என்ற இலக்கம் இருந்தால், கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு. 'ஓஜி'யில் உள்ள 'ஓ'வைச் சுழியமாகத் தட்டியவர்களும் இருக்கிறார்கள், அவற்றை 'தேடி மாற்று' கட்டளை பிடிக்காமல் விட்டுவிடும். பழைய வரிப் படிவங்களில் எண்ணின் நடுவே ஒரு கோடும், கடைசி இலக்கம் தனியே அடைப்புக்குறிக்குள்ளும் அச்சாகியிருக்கும். அந்தக் கடைசி இலக்கமும் எண்ணின் பகுதியே என்பதால், கோட்டையும் அடைப்புக்குறியையும் மட்டும் நீக்கிவிட்டு இலக்கத்தை விட்டுவையுங்கள்.

சென்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் நிறுவனங்களின் எண் சி என்ற எழுத்தில் தொடங்கும். அங்கே வேறொரு விதி இருக்கிறது: எழுத்தை அடுத்து வரும் முன்சுழியங்களை நீக்கி, எண்ணின் முடிவில் ஒரு சுழியத்தைச் சேர்க்க வேண்டும். பழைய கோப்பில் சி 0123456789 என்று இருந்தால், சி 1234567890 என்று, அதுவும் இடைவெளி இல்லாமல், அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் அண்மையில் வாரியத்தின் மைடேக்ஸ் தளத்திலிருந்தே எடுத்துக் கொடுத்த எண்ணில் அந்தச் சுழியம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் மீண்டும் 404தான். கோப்பு முழுவதற்கும் ஒரே வாய்பாட்டைப் போட்டு இழுத்துவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

எக்செலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைகார்டு எண் பன்னிரண்டு இலக்கம், கோடு இல்லாமல் அனுப்ப வேண்டியது. 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். அந்தக் கட்டம் 'எண்' என்ற அமைப்பில் இருந்தால், எக்செல் அந்தச் சுழியத்தை விழுங்கிவிட்டுப் பதினோரு இலக்கத்தைக் காட்டும். 2000ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் என்றால் பத்துதான் மிஞ்சும்; அதிலும் செப்டம்பருக்குள் பிறந்தவர் என்றால் மாதத்தின் சுழியமும் போய் ஒன்பதுதான். உங்கள் பட்டியலில் இளம் வணிகர்கள் எல்லாம் தோற்று, மூத்தவர்கள் எல்லாம் தேறியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நிறுவனங்களையும் வணிகங்களையும் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் புதிய பதிவு எண்ணும் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. அதை எக்செல் 2.01901 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அந்தத் தோற்றத்திலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் திரும்பி வரவே மாட்டா. எனவே பதியத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசைகளை 'உரை' என்ற அமைப்பிற்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ ஒட்டிய எண்களின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் ஒட்டிக்கொண்டு வரும். 'ட்ரிம்' வாய்பாடு அவற்றில் சிலவற்றை நீக்காது. எழுத்துகளின் எண்ணிக்கையைக் காட்டும் 'லென்' வாய்பாட்டைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். மைகார்டுக்குப் பன்னிரண்டைத் தவிர வேறெந்த விடை வந்தாலும் அந்த வரியை முதலில் சரிசெய்யுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வரி முகவர்

நிரலர் தம்பி சொன்னது அனைத்தும் சரி. ஆனால் எண்ணின் வடிவத்தைத் திருத்தி முடித்த பிறகும் ஒரு பங்கு தோற்கத்தான் செய்யும், ஏனென்றால் எண் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் அது தவறான ஆளுடைய எண்ணாக இருக்கும். கோலாலம்பூரில் என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நம்மவர்களின் சிறு வணிகங்கள். அவர்களிடம் நான் காணும் குழப்பங்களைச் சொல்கிறேன்.

'எண்டர்பிரைஸ்' என்று பலகை மாட்டியிருக்கும் கடைக்கு ஒரே உரிமையாளர் என்றால், அந்தக் கடைக்கென்று தனி வருமான வரி எண் கிடையாது. உரிமையாளரின் ஐஜி எண்தான் கடையின் எண். அதோடு பொருந்த வேண்டியது அவருடைய மைகார்டு எண். விலைப்பட்டியலில் கடைப் பெயர் வர வேண்டும் என்று அவர் விரும்பினால் பெயர்க் கட்டத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள், எண் உரிமையாளருடையதாகவே இருக்கட்டும். அதே எண்டர்பிரைஸ் அண்ணன் தம்பி இருவர் பெயரிலோ கணவன் மனைவி பெயரிலோ பங்காளி வணிகமாகப் பதிவாகியிருந்தால், வணிகத்திற்கென்றே டி என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று உண்டு. பங்காளிகளில் ஒருவருடைய ஐஜி எண்ணை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. பலகையைப் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. எஸ்எஸ்எம் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்குள்ள புதிய பதிவு எண்ணே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்: முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கங்கள் வகை. 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் எண்டர்பிரைஸ் வகை வணிகம், 04 என்றால் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய பங்காண்மை. இந்த எண்முறை 2019இல் வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளுக்கும் புதிய எண் வழங்கப்பட்டிருக்கிறது. கோட்டுக்குப் பின் ஓர் எழுத்தோடு முடியும் பழைய எண்ணைக் கொடுத்தால் சரிபார்ப்பு ஏற்காது. நடுவில் 03 உள்ள பதிவு எண்ணின் பக்கத்தில் சி என்று தொடங்கும் வரி எண் இருந்தால், எங்கோ இரண்டு வாடிக்கையாளர்கள் கலந்துவிட்டார்கள் என்று பொருள்.

இன்னொன்று, இ என்ற எழுத்தில் தொடங்கும் எண். ஊழியர்களின் மாதாந்திர வரிப் பிடித்தத்தைச் செலுத்துவதற்காக முதலாளிகளுக்குத் தரப்படும் எண் அது. ஊழியர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பள விவரமான இஏ படிவத்தின் மேற்பகுதியில் கொட்டையாக இருப்பதால், 'வரி எண் அனுப்புங்கள்' என்று கேட்டதும் அலுவலகத்தில் உள்ளவர்கள் அதைத்தான் படமெடுத்து அனுப்புவார்கள். உங்களுக்கு வேண்டியது நிறுவனத்தின் சி எண். நான் கேட்கும்போதே 'வருமான வரி எண், சி-யில் தொடங்குவது' என்று எழுதிவிடுவேன். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். வாடிக்கையாளர் தம் மைஇன்வாய்ஸ் கணக்கிலுள்ள கியூஆர் குறியீட்டைக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது, அதில் தட்டச்சுக்கே இடமில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன் அம்மா. சரிபார்ப்பு பெயரைப் பார்ப்பதில்லை என்பதால் பெயரை எப்படியும் எழுதலாம் என்று எண்ணிவிடாதீர்கள். எண் பொருந்திவிட்டால், பெயர்க் கட்டத்தில் முற்றிலும் வேறொருவர் பெயர் இருந்தாலும் விலைப்பட்டியல் ஏற்கப்பட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கப் போவது வாங்கியவரும் அவருடைய கணக்காய்வாளரும்தான். அதனால் தனிநபர் என்றால் மைகார்டில் அச்சாகியிருக்கும்படியே, ஏ/எல், ஏ/பி சாய்கோட்டோடு, முன்னெழுத்தாகச் சுருக்காமல் எழுதுங்கள். கணவர் பெயரைச் சேர்த்து வழங்குபவர்களுக்கும் மைகார்டில் உள்ள பெயரே உரியது. நிறுவனம் என்றால் எஸ்எஸ்எம் சான்றிதழில் உள்ளபடி. பெயர்க் கட்டம் 300 எழுத்துகளை ஏற்கும் என்பதால், நம் பெயர்கள் நீளமானவை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பெயரால் வேறொரு நன்மையும் உண்டு. மைகார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. ஏ/பி என்று பெயருள்ளவரின் எண் 7இல் முடிந்தால், மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை. இலக்கம் தவறியிருக்கிறது அல்லது கணவரின் எண்ணைப் பதிந்திருக்கிறார்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம் என்பதும் உங்களுக்குத் தெரியும்: பினாங்கிற்கு 07, பேராக்கிற்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. மாதத்தின் இடத்தில் 13ஐயும் நாளின் இடத்தில் 32ஐயும் நானே பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். சீன, மலாய் வாடிக்கையாளர்களின் பெயரில் ஆணா பெண்ணா என்பதை நம்மால் எளிதில் ஊகிக்க முடியாமல் போகலாம். ஏ/எல், ஏ/பி நமக்கு அந்த வசதியைத் தந்திருக்கிறது.

கணக்கு மேசை, ஜார்ஜ்டவுன்

ஐயாவுக்கும் நிரலர் அண்ணனுக்கும் மிக்க நன்றி. 'லென்' வாய்பாடு போட்டதுமே சுழியம் இழந்த எண்கள் வரிசையாக வெளியே வந்துவிட்டன. பங்காளி வணிகங்களுக்கு நாங்கள் ஐஜி எண்ணைப் போட்டு வைத்திருந்ததும் தெரிந்தது. பெரும்பகுதி இப்போது பொருந்திவிட்டது. மிச்சமுள்ளவற்றில் சில கேள்விகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உணவகத்திலும் நகைப் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் சிலர் கடப்பிதழ் எண் கொடுத்திருக்கிறார்கள். வரி எண்ணும் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. குத்துவிளக்கு வாங்கும் கோவில் நிர்வாகம் ஒன்று பொருளாளரின் மைகார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறது. வரி எண்ணே தர மாட்டேன், அடையாள அட்டை எண் மட்டும் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். பெயரில் '&' குறி உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு எண் பொருந்திய பிறகும் விலைப்பட்டியல் போகவில்லை.

பிறை நிரலர்

'&' பற்றி மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலை எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்பும் மென்பொருளில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. 'அண்ட் சன்ஸ்' கடையின் பெயரில் அது வெறுமனே வந்தால், அங்கிருந்து ஏதோ ஒரு குறியீடு தொடங்குகிறது என்று எண்ணிக் கோப்பையே படிக்க முடியாமல் நின்றுவிடும். மென்பொருள் அதை உரிய மாற்றுக்குறியாக்கி அனுப்ப வேண்டும், அது உங்கள் வேலையன்று. மென்பொருள் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். அவர் திருத்தித் தரும்வரை எஸ்எஸ்எம் பெயரை நீங்களாக மாற்றி எழுதாதீர்கள். ஏ/எல்-இல் உள்ள சாய்கோட்டால் இப்படி ஒரு தொல்லையும் இல்லை.

செந்தூல் மனிதவளம்

கடப்பிதழ் விஷயத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. எங்கள் நிறுவனத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வரிப் பதிவை நான்தான் கவனிக்கிறேன். இங்கே பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அவர்கள் முதன்முதலில் வேலைக்கு வந்தபோது இருந்த கடப்பிதழின் எண்ணை வைத்து வரி எண் எடுக்கப்பட்டிருக்கும். பிறகு கடப்பிதழ் காலாவதியாகி, இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்து, புதிய எண்ணோடு புத்தகம் கையில் வந்திருக்கும். வரி எண் மாறாது, கடப்பிதழ் எண் மாறிவிடும். வருமான வரி வாரியத்தின் பதிவேட்டில் பழைய எண் அப்படியே நின்றால், புதிய எண்ணைக் கொண்டு எத்தனை முறை சரிபார்த்தாலும் பொருந்தாது. பழைய கடப்பிதழை அவர்கள் பெரும்பாலும் புதியதோடு சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள், விசா அதில் இருக்கும் என்பதால். அந்தப் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் காரணம் உறுதியாகிவிடும். அதன்பின் தம் பதிவில் புதிய எண்ணைச் சேர்க்கும்படி அவரிடமோ அவருடைய முதலாளியிடமோ சொல்ல வேண்டும். அதை வாங்குபவர்தான் செய்ய முடியும், விற்பவர் செய்ய முடியாது. கடப்பிதழ் எண்ணில் முதலில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் பதிபவர்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிரந்தரவாசியான பெரியவர்கள் யாராவது பட்டியலில் இருந்தால் கவனம் தேவை. சிவப்பு அடையாள அட்டையிலும் பன்னிரண்டு இலக்க எண் உண்டு. அவர்களிடம் போய்க் கடப்பிதழ் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் வரி முகவர்

மற்ற இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். வரி எண் தர விரும்பாத மலேசியத் தனிநபருக்கு வாரியமே வழி வைத்திருக்கிறது. அவர் மைகார்டு எண் மட்டும் தந்தால், வரி எண்ணுக்குரிய கட்டத்தில் இஐ 00000000010 என்ற பொது எண்ணை, இடைவெளி இல்லாமல், இடலாம். மாறாக வரி எண் மட்டும் தந்து மைகார்டு எண் தராவிட்டால், அடையாள எண்ணுக்குரிய இடத்தில் பன்னிரண்டு சுழியங்கள். இரண்டும் தந்தால் இரண்டும் பொருந்தியாக வேண்டும். ஆகவே ஒருவருடைய வரி எண் எப்படியும் பொருந்தவில்லை, அவரைத் தொடர்புகொள்ளவும் முடியவில்லை என்றால், ஐயத்திற்குரிய அந்த எண்ணை வைத்துப் போராடாமல் மைகார்டு எண்ணோடு பொது எண்ணைப் போட்டுவிடலாம். வரி எண் இல்லாத வெளிநாட்டவருக்கு 20இல் முடியும் பொது எண்ணும் அவருடைய கடப்பிதழ் எண்ணும். இஐ என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின் பதினோரு இலக்கங்கள் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதைக் கையால் தட்டுவதே இல்லை, ஓரிடத்தில் சரியாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எடுத்து ஒட்டுவோம். நிறுவனங்களுக்கு இந்த வழி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்; சென்டிரியான் பெர்ஹாட் ஒன்றுக்குப் பொது மக்களின் எண்ணைப் போட்டு அனுப்பினால் அவர்கள் அதைச் செலவாகக் காட்டும்போது சிக்கல் வரும், பிறகு சண்டை உங்களிடம்தான் வரும்.

கோவில் விஷயத்தில் பொருளாளரின் மைகார்டைத் தொடவே தொடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் மாறிவிடுவார். வாங்கிய விளக்கு மட்டும் அவருடைய சொந்தக் கணக்கில் நிற்கும். கோவில் சங்கமாகப் பதிவு பெற்று வரி எண்ணும் வைத்திருந்தால் அது எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணோடு சங்கப் பதிவு எண்ணை வணிகப் பதிவு எண்ணுக்குரிய வகையில் கொடுத்துப் பாருங்கள். வரி எண் வழங்கப்படாத அரசாங்க அமைப்புகளுக்கும் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களுக்கும் 40இல் முடியும் பொது எண் இருக்கிறது. உங்கள் கோவில் அந்த வகையில் அடங்குமா என்பதை அவர்களிடமுள்ள விலக்குக் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோவில் என்பதாலேயே அடங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பகிர்சேவை மையம், கோலாலம்பூர்

இந்த உரையாடலைப் படித்துவிட்டு, 'பெயரைப் பார்க்க மாட்டார்கள்' என்ற எண்ணத்தை வேறு நாட்டுப் படிவங்களுக்கும் யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் வேலை செய்யும் பன்னாட்டு நிறுவனத்தில் அமெரிக்க விற்பனையாளர்களின் பதிவு எங்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்க வருமான வரித்துறையின் சரிபார்ப்பு, மைஇன்வாய்ஸுக்கு நேர் எதிரானது: அங்கே ஒன்பது இலக்க எண்ணோடு பெயரையும் சேர்த்துத்தான் ஒப்பிடுவார்கள். தனிநபர் என்றால் குடும்பப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் அவர்களுக்கு முக்கியம். பொருந்தினால் 0, எண் ஒன்பது இலக்கமாக இல்லாவிட்டால் 1, எண் இன்னும் யாருக்கும் வழங்கப்படாதது என்றால் 2, பெயரும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் 3 என்று காரணத்தையும் எண்ணால் சொல்லிவிடுவார்கள். பெயரில் கோடும் '&' குறியும் வரலாம், சாய்கோடும் புள்ளியும் வரக் கூடாது.

நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல். மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் இல்லை. முழுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். அங்கே குடியேறியவர்களின் சமூகப் பாதுகாப்பு அட்டையில் தந்தை பெயர் குடும்பப் பெயரானதும் உண்டு, சொந்தப் பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு. எனவே 'உங்கள் பெயர் என்ன' என்று கேட்காமல், அந்த அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லி வாங்க வேண்டும். தனியொருவர் நடத்தும் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனம்) பெரும்பாலும் தனி வரியாளராகக் கருதப்படாது. பணம் பெறுபவர் தம் வரி எண்ணை எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியில் உரிமையாளரின் பெயரும், அடுத்த வரியில் நிறுவனப் பெயரும் வர வேண்டும். நம் எண்டர்பிரைஸ் கதையேதான். பெயர் பொருந்தாமலே போனால், பணம் கொடுப்பவர் 24 விழுக்காட்டைப் பிடித்துவைக்க நேரலாம் என்பதால், அங்கே ஒரு எழுத்துப் பிழைக்கும் விலை உண்டு.

கணக்கு மேசை, ஜார்ஜ்டவுன்

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். பழைய கடப்பிதழ் எண்ணைப் போட்டதும் நகைப் பட்டறைக்காரருக்குப் பொருந்திவிட்டது. புதிய எண்ணைப் பதிய அவருடைய முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம். இதற்கிடையில், எண் சரியாகவும் பெயர் தவறாகவும் போன சில விலைப்பட்டியல்கள் ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டன. 'பெ. முருகன்' வகைதான். அவற்றை என்ன செய்வது?

பிரிக்பீல்ட்ஸ் வரி முகவர்

ஏற்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்திற்குள் என்றால் நீங்களே ரத்து செய்து, திருத்திய பெயரோடு புதிதாக அனுப்பலாம். அதே காலத்திற்குள் வாங்கியவரும் நிராகரிக்கக் கோரலாம். அந்த நேரம் கடந்துவிட்டால் ரத்து செய்ய முடியாது. கிரெடிட் நோட் போட்டு முந்தையதை நேர்செய்துவிட்டுப் புதிய விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். ஆனால் முன்னெழுத்துச் சுருக்கத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை அந்தந்த வாடிக்கையாளரிடமே கேட்டுவிடுங்கள். ஆள் அவரேதான், எண்ணும் அவருடையதுதான் என்றால் பெரும்பாலோர் அடுத்த பட்டியலிலிருந்து சரியாக வந்தால் போதும் என்பார்கள். வேறொருவர் பெயர் போயிருந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். மாத இறுதியில் தொகுப்பு விலைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவை இருந்தால், தனியொரு விற்பனை 10,000 ரிங்கிட்டைத் தாண்டியவை அதில் சேரக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் குத்துவிளக்கு வாங்கும் கோவில்கள் அந்தத் தொகையை எளிதாகத் தொட்டுவிடும்.